சம்பானில் கடலுக்குப் போகுமுன்: உடம்பில் எது, கையெட்டும் தூரத்தில் எது, பெட்டியில் எது

பினாங்குத் தீவின் பத்து மாவுங், தெலுக் பஹாங், கெர்தாக் சங்குல் ஜெட்டிகளிலிருந்து வார இறுதியில் தூண்டில் போடக் கிளம்பும் படகுகளில் பல 15 முதல் 20 அடி நீளமுள்ள ஃபைபர் சம்பான்கள். பின்னால் ஒரே ஓர் அவுட்போர்டு எஞ்சின், உள்ளே மூன்று நான்கு பேர், நடுவில் ஐஸ் பெட்டி. பெரிய மீன் மாட்டியதும் இரண்டு பேர் ஒரே பக்கம் எழுந்து நின்றாலே இந்தப் படகு சாயும். கவிழ்ந்தால் எதையும் தேடி எடுக்க நேரம் இருக்காது.

அதனால், என்னென்ன வாங்குவது என்று பட்டியல் போடுமுன், எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். படகு கவிழ்ந்தால் உங்களோடு மிஞ்சுவது உடம்பில் கட்டியிருப்பது மட்டும். ஆள் தவறி விழுந்தாலோ தீப்பிடித்தாலோ கையெட்டும் தூரத்தில் இருப்பது உதவும். மற்றதெல்லாம் பெட்டிக்குள் போகலாம். பல படகுகளில் இது தலைகீழாக இருக்கிறது. பீர் டின்னும் நொறுக்குத்தீனியும் கைக்குப் பக்கத்தில். லைஃப் ஜாக்கெட் மட்டும் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு முன்பலகைக்கு அடியில்.

உடம்பில் இருக்க வேண்டியவை

லைஃப் ஜாக்கெட்டின் உள்பக்கத் துணியில் ஓர் எண் அச்சாகியிருக்கும்: 50, 100, 150 அல்லது 275 நியூட்டன். மிதக்க வைக்கும் விசையின் அளவு அது. 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ எடையைத் தாங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 50 நியூட்டன் ஜாக்கெட், நீந்தத் தெரிந்தவர் கரையோரத்தில் போட்டுக்கொள்வது. மயங்கி விழுந்தவரின் முகத்தை அது வானம் பார்க்கத் திருப்பாது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே, ஜெரெஜாக் தீவைச் சுற்றி, பாலங்களுக்கு அருகே மட்டும் போகிறவர்களுக்கு 100 போதும். கெண்டித் தீவுப் பக்கமோ, முக்கா ஹெட் முனையைத் தாண்டியோ போகிறவர்கள் 150 வாங்குங்கள். இந்த ஒரு சாமானில் மட்டும் விலை பார்க்கக் கூடாது.

அளவு சரியா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். போட்டு, எல்லா வாரையும் இறுக்கியபின், இன்னொருவர் உங்கள் இரண்டு தோள்பட்டைப் பக்கமும் பிடித்து மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காதுவரை ஏறினால் பெரியது. தண்ணீரில் விழும்போது அது முகத்தை மூடிக்கொண்டு மேலே எழும்பும், ஆள் கீழே நழுவுவார். கால்களுக்கு இடையே போகும் வார் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. கூச்சமாக இருக்கிறது என்று அதை அவிழ்த்து விடாதீர்கள். பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்து வாங்காமல் எடையைப் பார்த்து வாங்குங்கள். தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டையும் கால் வாரும் கட்டாயம் வேண்டும். பெரியவர்களின் ஜாக்கெட்டைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பிள்ளைக்குப் போடுவது எந்தக் காலத்திலும் வேண்டாம்.

நுரை அடைத்த ஜாக்கெட்டைப் பலர் உட்காரும் மெத்தையாகப் பயன்படுத்துகிறார்கள். நுரை நசுங்க நசுங்க அதன் மிதக்கும் திறன் குறையும். விரலால் அழுத்திப் பாருங்கள்; பள்ளம் உடனே மேலெழும்பாவிட்டால் அந்த ஜாக்கெட்டின் காலம் முடிந்தது. வெயிலில் வெளுத்த வாரை இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். தையல் பிரிந்தாலும் அதே முடிவுதான்.

தானாகக் காற்று நிரம்பும் ஜாக்கெட் நம் வெக்கைக்கு நல்லது; லேசானது, மீன் இழுக்கும்போது கையைத் தடுக்காது. ஆனால் பராமரிப்பு கேட்கும். அதற்குள் ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். 150 நியூட்டன் ஜாக்கெட்டில் பெரும்பாலும் 33 கிராம் வாயு கொண்டது. பல மாடல்களில் தண்ணீர் பட்டால் கரையும் சிறு மாத்திரை ஒன்று அதைத் தூண்டும். நனைந்த ஜாக்கெட்டை அப்படியே கார் பூட்டில் வைத்து மூடினால் ஈரத்திலேயே மாத்திரை கரைந்து, ஜாக்கெட் அங்கேயே ஊதிக்கொள்ளும். மாதம் ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி, சமையலறைத் தராசில் எடை பாருங்கள். மொத்த எடை அதன் மேலேயே பொறித்திருக்கும். 2 கிராமுக்கு மேல் குறைந்தால் மாற்ற வேண்டும். மாட்டும்போது கையால் முடிந்த மட்டும் இறுக்குங்கள், ஏனென்றால் ஆட்டத்தில் சிலிண்டர் தளர்ந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை வாயால் ஊதி ஓர் இரவு வையுங்கள்; காலையில் தொய்ந்திருந்தால் எங்கோ ஓட்டை. மழைக்கோட்டுக்கு உள்ளே இந்த ஜாக்கெட்டைப் போடாதீர்கள். கோட்டுக்குள் ஊதினால் நெஞ்சை நெரிக்கும். கோட் உள்ளே, ஜாக்கெட் வெளியே.

ஜாக்கெட்டிலேயே ஒரு விசில், சிறு விளக்கு, முனை மழுங்கிய ரம்பப் பல் கத்தி ஆகிய மூன்றையும் கட்டிவிடுங்கள். கத்தி, காலில் சுற்றிய வலையையோ கயிற்றையோ அறுக்க. விசில் அவசியம்: அலையில் கத்தினால் தொண்டை ஐந்து நிமிடத்தில் போய்விடும், விசில் போகாது.

அடுத்தது, எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு. படகை ஓட்டும் தெக்கோங் கடலில் விழுந்தால் எஞ்சின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஆளில்லாப் படகு வட்டமடித்துத் திரும்பி வந்து அவரையே இடிக்கும். கயிற்றை முழங்காலுக்கு மேல் தொடையிலோ ஜாக்கெட்டின் வாரிலோ மாட்டுங்கள். கைப்பிடியில் சுற்றி வைத்தால் அது இருந்தும் இல்லாததுதான். ஒவ்வொரு முறையும் ஜெட்டியை விட்டு நகருமுன், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். பலர் மறப்பது இன்னொன்று: தெக்கோங் விழும்போது கயிறும் கிளிப்பும் அவரோடு போய்விடும். படகில் மிஞ்சியவர்கள் எஞ்சினை மறுபடி கிளப்பி அவரை எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு கிளிப் வேண்டும். அதே எஞ்சினுக்குப் பொருந்தும் உபரிக் கிளிப்பைப் படகிலுள்ள இரண்டாம் ஆளின் சட்டைப்பையில் கொடுத்து வையுங்கள். எப்படி மாட்டுவது என்றும் ஜெட்டியிலேயே காட்டிவிடுங்கள்.

கைபேசியும் உடம்பில்தான் இருக்க வேண்டும், நீர்ப்புகா உறையில், கழுத்தில். உறையை நம்புமுன் உள்ளே டிஷ்யூ தாள் ஒன்றை வைத்து, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பாருங்கள். ஈர விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காக வேலை செய்யாது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அவசர அழைப்புக்குப் போவது எப்படி என்று கரையிலேயே பழகுங்கள்.

கையெட்டும் தூரத்தில்

மிதக்கும் கயிறு, 15 முதல் 20 மீட்டர், ஒரு முனையில் வளையமோ மூடிய காலி 5 லிட்டர் டப்பாவோ கட்டியது. விழுந்தவரைத் தாண்டி எறியுங்கள், பிறகு அவர் பக்கம் இழுத்து வாருங்கள். அவரைப் படகில் ஏற்றுவதுதான் பெரும்பாடு. நனைந்த உடையோடு ஓர் ஆளை விளிம்புக்கு மேல் தூக்க இரண்டு பேர் போதாமல் போகும், அதற்குள் படகும் சாய்ந்துவிடும். இரண்டு மீட்டர் தடித்த கயிற்றில் கால் நுழையும் அளவுக்கு மூன்று கண்ணிகள் போட்டு வையுங்கள். எஞ்சினை அணைத்து, பின்பக்க மூலையில் அதைத் தொங்கவிட்டால் அவரே மிதித்து ஏறுவார்.

வாளி. மின்சாரப் பம்பு இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். பின்பலகையில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானை மாட்ட மறந்து படகை இறக்குவது அடிக்கடி நடக்கிறது. 25 மில்லிமீட்டர் துளை, நீர்மட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் கீழே இருந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 லிட்டர் உள்ளே வரும். கடையில் 500 கேலன் என்று விற்கும் பம்பு, மணிக்கு 500 கேலன் இறைப்பது; காகிதக் கணக்கில் நிமிடத்துக்கு 31 லிட்டர், குழாய் வளைவும் பலவீன பேட்டரியும் சேர்ந்தால் அதற்கும் குறைவு. ஆக, பம்பு தோற்கும். பயந்துபோன ஆள் கையில் இருக்கும் 10 லிட்டர் வாளி தோற்காது. வாளியின் கைப்பிடியில் கயிறு கட்டிப் படகோடு இணைத்து வையுங்கள். உபரி அடைப்பான் ஒன்றும் அதே கயிற்றில் தொங்கட்டும்.

தீயணைப்பான்: ஏ.பி.சி. உலர்தூள் வகை, மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ளது, 2 கிலோ இருந்தால் நல்லது. ஒரு கிலோ உருளை சுமார் பத்து விநாடியில் காலியாகிவிடும். அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் மாட்டுவது பெரிய தப்பு. தீ பிடிக்கிற இடமே அதுதான், கை நீட்டி எடுக்க முடியாது. நடுப்பகுதியில் மாட்டுங்கள். படகின் அதிர்வில் தூள் அடியில் இறுகிப்போகும், ஆகவே மாதம் ஒருமுறை தலைகீழாகப் பிடித்து அடிப்பாகத்தைத் தட்டுங்கள். அடிக்கும்போது சுவாலையை விட்டுவிட்டுத் தீயின் அடியைக் குறிவைத்து இடம் வலமாக வீசுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். அதனால் எண்ணெய்த் தொட்டியைத் தூக்கி ஜெட்டியில் வைத்து நிரப்பி, பிறகு உள்ளே இறக்குங்கள்.

நங்கூரத்தைப் பாதுகாப்புச் சாமானாகவே யாரும் நினைப்பதில்லை. எஞ்சின் நின்றுபோனால் உங்கள் பிரேக் அதுதான். நீரோட்டம் 2 நாட் என்றால் ஒரு மணி நேரத்தில் 3.7 கிலோமீட்டர் அடித்துக்கொண்டு போய்விடும். சேற்றிலும் மணலிலும் தட்டையான இரட்டைத் தகடு நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். நான்கைந்து கிலோ, அதற்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி, பிறகு 10 அல்லது 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு. அமைதியான கடலில் ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும், காற்றில் ஏழு மடங்கு. 10 மீட்டர் ஆழத்துக்கு 70 மீட்டர். முப்பது மீட்டர் கயிறோடு போகிறவர்களின் நங்கூரம், படகை நிறுத்தாமல் சேற்றை உழுதுகொண்டு போகும். எப்போதும் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் எஞ்சின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும், அங்கே கட்டினால் அடுத்த அலை உள்ளே ஏறும். கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டியிருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டு வீசுங்கள்.

பாறையிலும் மீன் உறைவிடங்களிலும் நங்கூரம் சிக்கும். சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பாகத்தில் மாட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, வளையத்தில் ஒரு கேபிள் டையால் மட்டும் கட்டுங்கள். சிக்கினால், மேலிருந்து பலமாக இழுக்க டை அறுந்து, நங்கூரம் அடியிலிருந்து புரண்டு வந்துவிடும்.

விளக்கு. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை. நங்கூரமிட்டிருந்தால் வெள்ளை மட்டும். பட்டர்வொர்த் சரக்கு முனையத்துக்கும் சுவெட்டன்ஹாம் துறைக்கும் வரும் கப்பல்களின் பாதையில் இரவில் நின்று தூண்டில் போடாதீர்கள். ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது, கப்பல் நினைத்தவுடன் நிற்கவும் நிற்காது. நீர்ப்புகா டார்ச்சைக் கையருகே வைத்து, கப்பல் நெருங்கினால் உங்கள் படகின் மேலேயே ஒளியடித்துக் காட்டுங்கள்.

உதவி கேட்பது

கைபேசி அலை கிடைக்கும் இடத்தில் 999. போலீஸ், பொம்பா (தீயணைப்புத் துறை), ஆம்புலன்ஸோடு கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்கும் அதே எண்தான். இணைப்பு கிடைத்ததும் முதலில் சொல்ல வேண்டியது நீங்கள் இருக்கும் இடம், ஏனென்றால் பேச்சு எப்போது வேண்டுமானாலும் அறுந்துபோகும். பிறகு எத்தனை பேர், என்ன ஆபத்து, படகின் நிறம்.

இடத்தைச் சொல்வதில் ஒரு பெரிய குழப்பம் நடக்கிறது. கைபேசி வரைபடம் 5.47, 100.18 என்று தசமத்தில் காட்டும். முக்கா ஹெட் பக்கத்துப் புள்ளி அது. கடலில் பேசுகிறவர்கள் பாகை, நிமிடம் என்று பேசுவார்கள். 5.47-ஐ நீங்கள் "ஐந்து, நாற்பத்தேழு" என்று சொல்ல, கேட்பவர் 5 பாகை 47 நிமிடம் என்று எழுதிக்கொண்டால், தேடும் படகு சுமார் 35 கிலோமீட்டர் வடக்கே, கெடாவின் ஜெராய் மலைக்கு நேர் மேற்கே போய் நிற்கும். புள்ளிக்குப் பின்னுள்ளதை 60-ஆல் பெருக்குங்கள்: 0.47-ஐ 60-ஆல் பெருக்க 28.2. ஆக, 5 பாகை 28.2 நிமிடம். கணக்குப் போட நிதானம் இல்லையென்றால் "ஐந்து புள்ளி நான்கு ஏழு, தசமப் பாகை" என்று முழுதாகச் சொல்லுங்கள். கூடவே கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தையும் சேருங்கள்.

வெளிக்கடலுக்குப் போகிறவர்களுக்கு வி.எச்.எப். கைவானொலி வேண்டும், நீரில் மிதப்பது, 5 வாட். சானல் 16-இல், அதிக சக்தியில் வைத்து, ஆன்டெனாவை நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். "மேடே" மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இடம், ஆபத்து, ஆட்களின் எண்ணிக்கை, "ஓவர்". பிறகு பொத்தானை விடுங்கள். பதற்றத்தில் பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் பதில் காதில் விழாது. சம்பானில் உட்கார்ந்தபடி பேசினால் இன்னொரு சம்பானுக்கு 5 கடல் மைல் வரை எட்டும். இடையில் மலை இருந்தால் எட்டாது. கைபேசியால் ஒருவரை மட்டும் அழைக்கலாம், வானொலியில் பேசினால் சுற்றிலும் வானொலி வைத்திருக்கும் எல்லாப் படகும் கேட்கும். முதலில் வந்து சேரப்போவது அவர்கள்தான்.

தீச்சுடர்கள்: கையில் பிடிக்கும் சிவப்புச் சுடர் சுமார் 60 விநாடி எரியும். பாராசூட் ராக்கெட் 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி ஒளிரும். ஆரஞ்சுப் புகை பகலுக்கு மட்டும். படகோ விமானமோ கண்ணுக்கோ காதுக்கோ எட்டியபின் கொளுத்துங்கள். பயத்தில் எல்லாவற்றையும் முதல் பத்து நிமிடத்திலேயே தீர்த்துவிடுகிறவர்கள் உண்டு. சுடரைக் காற்று அடித்துப் போகும் பக்கம், படகுக்கு வெளியே கையை நீட்டிப் பிடியுங்கள். உருகிய துளி படகில் விழக் கூடாது. ஹெலிகாப்டர் தலைக்கு மேல் இருக்கும்போது ராக்கெட் விடாதீர்கள். காலாவதித் தேதி பெரும்பாலும் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.

கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பதுபோல்தான் தெரியும். அலைக்கு நடுவே தனித் தலை கண்ணுக்குப் படாது, கவிழ்ந்த படகு படும். பிடித்துக்கொள்ள வசதியாக விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு கயிறு கட்டி வைத்திருங்கள்.

பெட்டிக்குள்

ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர். இரண்டு துடுப்பு. எஞ்சினுக்கு உபரி ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் ஸ்பேனர், எஞ்சினைக் கிளப்பும் இழுவைக் கயிறு, விசிறியின் ஷியர் பின், குறடு. எஞ்சினின் பின்னால் பீய்ச்சும் தண்ணீரில் ஒரு கண் இருக்கட்டும். அது மெலிந்தால் உடனே அணைத்து, எஞ்சினைத் தூக்கிப் பாருங்கள். நம் கடலில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பைதான் உறிஞ்சு துளையை மூடியிருக்கும். எண்ணெய், போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மிச்சம் ஒரு பங்கு கையிருப்பு.

மருந்துப் பெட்டியோடு ஒரு தெர்மாஸ் வெந்நீரும் கொண்டு போங்கள். செம்பிலாங் (கடல் கெளுத்தி) மீனின் முள்ளும் திருக்கையின் வால் முள்ளும் குத்தினால் வலி உயிரை எடுக்கும். வெப்பம்தான் அதைத் தணிக்கும். வெந்நீரில் கடல்நீர் கலந்து, தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்திய இடத்தை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்துங்கள். சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். வலியில் துடிக்கிற கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோகும். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள், அப்படியே அசையாமல் கட்டிக் கரைக்குக் கொண்டு போங்கள். செம்பிலாங் தூண்டிலில் மாட்டிப் படகுக்குள் வந்தால் கையால் தொடாமல், முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக உள்ள மூன்று முள்ளையும் குறட்டால் முறியுங்கள்.

பினாங்குக் கடலில் பெட்டி வடிவச் சொறிமீனும் உண்டு. பட்ட இடத்தில் வினிகரை 30 விநாடிக்குக் குறையாமல் ஊற்றுங்கள். தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறினால் அடுத்த வேலை 999.

கிளம்புமுன்

கரையில் ஒருவருக்கு வாட்சாப்பில் அனுப்புங்கள்: படகின் படம், பதிவு எண், யார் யார், எந்த ஜெட்டி, எந்த இடம், திரும்பும் நேரம், எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லாவிட்டால் 999-ஐ அழைக்க வேண்டும் என்பது. "மாலைக்குள் வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனால், எந்த மணிக்குக் கவலைப்படுவது என்று வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது.

மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள். முதல் வகை எச்சரிக்கை என்பதே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. சம்பானுக்கு அதுவே மிக அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், விடிவதற்கு முன்னும் காலையிலும், சுமத்ரா பக்கத்திலிருந்து புயல்வரிசை கடலைக் கடந்து வரும். மேற்கே கறுத்த சுருள்மேகம் கோடுபோல நீளும், காற்று சட்டென்று நின்று, பிறகு குளிர்ந்து அடிக்கும். கெர்தாக் சங்குல் பக்கம் நிற்பவர்களை அது பாறைக்கரையை நோக்கித் தள்ளும். கரைக்கு ஓட நேரமில்லையென்றால் முன்முனையைக் காற்றுக்கு நேராக வையுங்கள், ஆழம் குறைவாக இருந்தால் கயிற்றை முழுதும் விட்டு நங்கூரம் போடுங்கள். எல்லோரும் படகின் தரையில் உட்காருங்கள். தூண்டில் கோல்களைப் படுக்க வையுங்கள். கார்பன் கோல் மின்னலை இழுக்கும். நங்கூரம் எட்டாத ஆழத்தில் வாளியை நீண்ட கயிற்றில் கட்டி முன்முனையிலிருந்து தண்ணீரில் விட்டால், அது இழுத்துப் பிடித்துப் படகை அலைக்கு நேராக வைத்திருக்கும்.

திரும்பி வந்ததும் கரையில் காத்திருப்பவருக்குச் செய்தி அனுப்புங்கள். ஜாக்கெட்டுகளையும் சிவப்புக் கயிற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். உப்பு உலர்ந்து இறுகிய கொக்கியும் வெடித்த உறையும் அடுத்த பயணத்தில் ஜெட்டியில்தான் கண்ணில் படும், அங்கே மாற்றுச் சாமான் விற்க யாரும் இருக்க மாட்டார்கள்.